பெரிய நத்தையை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நாவலப்பிட்டி தம்பி
எல்லாருக்கும் தெரிந்த அந்த ஆபிரிக்க நத்தைதான். நல்ல மழை, கரண்ட் இல்லை. இஸ்தோப்புப் பக்கம் ஏதோ சுரண்டுகிற சத்தம். எலி என்று நினைத்து டோர்ச் அடித்தேன். சுவரில் நத்தை, ஓடு மட்டும் என் உள்ளங்கை நீளம். வாயைச் சுவரோடு ஒட்டி, தலையை மெல்ல அசைத்து அசைத்து, தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பைத் தின்கிறது. அது போன வழியெல்லாம் வெள்ளை போய் சீமெந்து தெரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. உலகத்திலேயே பெரிய நத்தை இதுதானாமே?

பண்டாரவளை அக்கா
சுண்ணாம்பு தின்னும் தம்பி, ஓடு வளர அதற்குக் கல்சியம் வேண்டும். எனக்கு மறக்க முடியாதது முட்டைதான். போஞ்சிப் பாத்தி கொத்தும்போது மண் பிளந்து, உள்ளே குன்றிமணி அளவில் மஞ்சளும் வெள்ளையுமாகக் குவியல். மண்வெட்டி பட்டதில் சில உடைந்து வழிந்தன. ஒரே தடவையில் 100, 200 என்று இடுமாம். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருப்பதால் எந்த நத்தையும் முட்டை போடும். அன்று முதல் அந்தப் பாத்தியில் வெறுங்கையை வைப்பதே இல்லை.

ஹட்டன் மலைக்காரன்
தம்பி, இது பெரியதுதான், ஆனால் ஆகப் பெரியது இல்லை. தரையில் முதலிடம் மேற்கு ஆபிரிக்காவின் அகாட்டினா அகாட்டினாவுக்கு. 1976இல் சியரா லியோனில் கிடைத்த ஒன்று உடம்பை முழுதாக நீட்டினால் 39.3 சென்டிமீட்டர், எடை 900 கிராம். கடலுக்குள் போனால் வட அவுஸ்திரேலியாப் பக்கத்து சிரின்க்ஸ் என்ற கடல் நத்தை இருக்கிறது. அதன் ஓடே 90 சென்டிமீட்டர் வரை வரும். நம்முடையது 20ஐத் தொட்டாலே பெரிய விஷயம்.

இன்னொன்று. இது மழையோடு தானாக இங்கே வந்தது என்று பலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1847இல் மொரிஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். இலங்கைக்கு 1900இல் ஒலிவர் கொலெட் என்பவர் கொண்டு வந்தார். ஆள் கொண்டு வந்த பூச்சிக்கு மழை மேல் பழி போடக் கூடாது.

கினிகத்தேனை
பழி யார் மேல் என்பது இருக்கட்டும், எந்த நத்தையைக் கொல்கிறோம் என்று பாருங்கள். பக்கத்து லயத்தில் ஒரு பையன் மரத்திலிருந்து ஒன்றைத் தட்டி விழுத்தி உப்புப் போட்டான். உருண்டை ஓடு, கபில நிறம். நுரை கக்கிச் சுருண்டது. அது அகாவஸ். இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். ஆபிரிக்க நத்தைக்கு ஓடு கூம்பாக நீண்டிருக்கும், கோடு கோடாக இருக்கும். இரண்டும் ஒன்றுபோலவே இல்லை.

பதுளை அண்ணா
எங்கள் கானிலும் ஒன்று வந்தது, அவ்வளவுதான். ஆனால் தயவுசெய்து கேளுங்கள். உப்புப் போடாதீர்கள், மண் கெட்டுவிடும், அப்புறம் அங்கே கோவாவும் வராது, போஞ்சியும் வராது. மழை விட்ட இரவில் டோர்ச்சோடு போய், கையில் ஷொப்பிங் பேக் மாட்டிப் பொறுக்குங்கள். கொதிநீரில் போட்டு ஆழமாகப் புதையுங்கள். முட்டை கண்டால் நசுக்கி விடுங்கள். பழைய தகரம், பலகை, குப்பைக் குவியல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், பகலில் அதற்குள்தான் ஒளியும். வறண்ட காலத்தில் ஓட்டு வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும், செத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எலியின் நுரையீரல் புழு இதன் உடம்பில் இருக்கலாம், மனிதருக்குள் போனால் மூளை உறையைத் தாக்கும். அதனால் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், கீரையையும் சலாது இலையையும் ஒவ்வோர் இலையாக அலசுங்கள். மரத்தில் இருக்கும் உருண்டை ஓட்டு நத்தையை அப்படியே விடுங்கள், கினிகத்தேனைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நாவலப்பிட்டி தம்பி
நன்றி அண்ணா. எங்கள் பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் பிள்ளைகள் இந்த ஓடுகளைப் பொறுக்கி அடுக்கி விளையாடுகிறார்கள், சிலதில் நத்தை உள்ளேயே இருக்கிறது. நாளைக்கு ஆயம்மாவிடம் சொல்லி அந்த இடத்தைத் துப்புரவாக்கப் போகிறோம். ஓடு வெறுமையாக இருந்தாலும் அந்தப் புழு இருக்குமா?