சுக்கான் கட்டியும் கடற்சேறும்: காங்கயம் பக்கம் கடல் இருந்ததா?

காங்கயத்துத் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டியபோது, நான்கடி ஆழத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் மண்ணோடு கலந்து வந்தன. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கின்றன. முன்னொரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்கு இதுவே சாட்சி என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் மாறியிருப்பதைக் கடலடிச் சேற்றிலுள்ள நுண்ணிய ஓடுகளைக் கொண்டு கண்டறிந்தார்கள் என்று நானும் படித்திருக்கிறேன். அந்த ஓடுகள் இந்தக் கட்டியில் இருக்குமா? சேற்றை வைத்துக் கடலின் உயரத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்

ஐயா, அது சுக்கான். மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. வெயிலில் ஈரம் வற்றும்போது அச்சுண்ணாம்பு கட்டியாக உறைந்துவிடுகிறது. மழை குறைந்த மேட்டு நிலத்தில் இது இயல்பு. கடலுக்கு அன்று, வறட்சிக்குத்தான் அது சாட்சி. மதுக்கரைச் சுண்ணாம்புப்பாறையை யாரேனும் எடுத்துக்காட்டினாலும் குழம்ப வேண்டாம். வெப்பமும் அழுத்தமும் பட்டுப் படிகமாக உருமாறிய பழம்பாறை அது, அதில் நுண்ணோடு எதுவும் தப்பியிராது. கடலுயிர்களின் ஓடுகளைப் பார்க்க வேண்டுமானால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் படித்த அந்த மாற்றம் கடல் ஏறியதைச் சொல்வதன்று, இறங்கியதைச் சொல்வது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை தரையாகக் கிடந்தது. இன்று மிச்சமிருக்கும் பனி முழுவதும் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குமேல் உயராது. காங்கயமோ கடல்மட்டத்துக்கு முந்நூறு மீட்டர் அளவு மேலே இருக்கிறது.

கடலியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர்

சேற்றை அளக்கும் முறையை நான் சொல்கிறேன். கப்பலிலிருந்து நீண்ட குழாயைக் கடலடியில் இறக்கி, சேற்றைக் கலையாமல் உருளையாக எடுப்பார்கள். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, 63 மைக்ரான் சல்லடையில் நீர் விட்டு அலசினால் களிமண் ஓடிவிடும். வெள்ளை மணல்போல் எஞ்சுவதில் பெரும்பகுதி ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள். கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ், நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்போம். ரவையைவிடச் சிறியவை என்றாலும், சில இனங்கள் பழைய ஊர்த் திண்ணையில் விளையாடும் பல்லாங்குழிச் சோழிகளைப்போல் அத்தனை ஒழுங்கானவை.

இனி கணக்கு. ஆக்சிஜனில் எடை 16 உள்ளதும் 18 உள்ளதும் உண்டு. நீர் ஆவியாகும்போது இலேசானது முந்திக்கொள்ளும். பனியூழியில் அந்த ஆவி துருவப் பகுதிகளில் பனியாக விழுந்து திரும்பாமல் நின்றுவிடுவதால், கடலில் கனமான ஆக்சிஜனின் விகிதம் கூடுகிறது. அந்த நீரில் ஓடு கட்டும் உயிரி அவ்விகிதத்தைத் தன் சுண்ணாம்பில் வாங்கிக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் அதே விகிதம் கூடும். 1955இல் எமிலியானி என்னும் ஆய்வாளர் இம்மாற்றத்தைப் பெரும்பாலும் வெப்பநிலையின் கணக்கில் எழுதினார். 1967இல் ஷாக்கிள்டன் என்னும் ஆய்வாளர், பெரும்பங்கு பனியின் அளவுக்கே உரியது என்று வாதிட்டார். இன்று ஓட்டிலுள்ள மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தால் வெப்பநிலையைத் தனியே மதிப்பிட்டு, அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு பனியின் அளவையும், அதிலிருந்து கடல் எவ்வளவு இறங்கியது என்பதையும் கணிக்கிறார்கள். ஆழ்கடல் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே படிவதும், புழுக்கள் அதையும் கிளறிவிடுவதும் இம்முறையின் பலவீனங்கள். நூறு ஆண்டுக்குள் நடந்ததை இதில் தேடுவது வீண்.

காங்கயத்துத் தோட்டக்காரர்

மிக்க நன்றி அம்மா. இந்தச் சேற்றில் நம் மழையைப் பற்றி ஏதேனும் தெரியுமா?

கடலியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர்

தெரியும், ஆனால் சுற்றுவழியில். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் உங்கள் தென்னையை உலுக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான், ஓமன், சோமாலியக் கரைகளில் மேல்நீரைத் தள்ளிவிட்டுக் குளிர்ந்த, சத்து மிகுந்த அடிநீரை மேலே வரவழைக்கிறது. அங்கே குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்னும் இனம் பெருகுகிறது. சேற்றில் அதன் ஓடுகள் மிகுந்த அடுக்கு, காற்று வலுத்த காலம். பனியூழி அடுக்குகளில் அது குறைவு, சுமார் 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளில் மிகுதி. இது சொல்வது காற்றின் வலுவையே. காங்கயத்தில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பதை அன்று. நிலத்துச் சாட்சிக்கு நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்திருக்கிறார்கள். அதிலுள்ள இலேசான, கனமான கார்பன்களின் விகிதம், புல்லும் மரமும் மாறி மாறி ஓங்கியதைக் காட்டுகிறது.

காங்கயத்துத் தோட்டக்காரர்

இன்று ஒரு கட்டியைச் சுத்தியலால் உடைத்து, மகளின் பள்ளிக்கூட உருப்பெருக்கியில் பார்த்தேன். நடுவில் வேர் ஓடிய தடமும், அதைச் சுற்றி நம் செம்மண்ணின் மணலும்தான் இருந்தன. ஓடு எதுவும் இல்லை. பெரியவரிடம் காட்டினேன், இன்னும் நான்கடி வெட்டிப் பார் என்கிறார்.