"இதே மாதிரி" ஆர்டர்களுக்கு நடுவில் என் நெருஞ்சித் தோட்டை எப்படிக் காப்பாற்றுவது?

நெருஞ்சி (சேலம்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. எட்டு வருடம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கொலுசு வேலைதான். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், அடுத்த வீட்டில் வளையம் கோர்ப்பார்கள், இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள், மெருகுக்கு வேறு தெருவுக்குப் போகும். பள்ளி விடுமுறையில் பக்கத்து வீட்டு அத்தையோடு உட்கார்ந்து நானும் வளையம் கோர்த்திருக்கிறேன். இணைப்பில் பொடி (சூட்டில் உருகி ஒட்டவைக்கும் பற்றுப்பொடி) வைத்து, தீயை ஊதிப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். 2021-ல் வேலையை விட்டுவிட்டு மொட்டை மாடி அறையில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். 92.5 சதவீத வெள்ளியில் தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன்.

ஆரம்பித்தது ஒரு நெருஞ்சிக்காயால். என் பையன் செருப்பில் குத்திக்கொண்டு வந்த காய். காய்ந்தால் அது ஐந்து சுளையாகப் பிரியும். ஒவ்வொரு சுளையிலும் இரண்டு பெரிய முள் கொம்பு மாதிரி நிற்கும். அதைத் தோடாகச் செய்ய வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். கம்பியைக் கூராக அராவி ஒவ்வொரு முள்ளாகப் பற்றவைக்க வேண்டும். பற்றுக்குத் தடவுகிற வெண்காரம் முதலில் வெள்ளையாகப் பொரிந்து எழும், பிறகு கண்ணாடி போல அடங்கும், அப்புறம் ஒரே நொடியில் பொடி பளிச்சென்று இணைப்பில் ஓடும். அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் மூன்றாவது முள் பற்றும்போது முதல் முள் கழன்று விழும். வெள்ளியில் சூடு அவ்வளவு வேகமாகப் பரவுகிறது. முதல் ஜோடிக்குப் பதினொரு நாள் ஆனது. இப்போது இரண்டு நாளில் முடிகிறது, என்றாலும் பத்தில் மூன்று இன்னும் கெட்டுப்போகிறது.

இப்போது என் சங்கடம். வருகிற ஆர்டர் எல்லாம் வேறு யாரோ செய்த நகையின் படத்தோடுதான் வருகிறது. "இதே மாதிரி வேண்டும்." செய்து கொடுக்கிறேன், வீடு நடக்கிறது. ஆனால் சொந்தமாக ஒரு நெருஞ்சித் தோடு செய்து ஏழு மாதம் ஆகிறது.

இதோடு 2025-ல் வெள்ளி விலை ஏறிய வேகம். ஜனவரியில் கிராம் நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்கு 12 ஜோடி ஜிமிக்கி ஒப்புக்கொண்டேன். ஜோடி 12 கிராம். வெள்ளி கிராம் 125, என் கூலி கிராமுக்கு 125, ஆக ஜோடி 3,000 ரூபாய் என்று முழு விலையாகச் சொல்லி, மூவாயிரம் மட்டும் முன்பணம் வாங்கினேன். வெள்ளியை வேலை தொடங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் வெள்ளி 200-ஐத் தாண்டிவிட்டது. வாக்குக் கொடுத்தாயிற்று, அதே விலைக்குக் கொடுத்தேன். 10,800 ரூபாய் கையை விட்டுப் போனது. பிறகு விலை கொஞ்சம் இறங்கியது, ஆனால் எனக்குப் பயம் இறங்கவில்லை.

பழைய அலுவலகத்தில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பையன் ஏழாவது படிக்கிறான். இந்தத் தொழிலில் பல வருடம் நிற்பவர்கள் சொல்லுங்கள்: காப்பி வேலையை மறுத்துவிட வேண்டுமா? மறுத்தால் எதைச் சாப்பிடுவது? நெருஞ்சியை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடட்டுமா?

---

வடசேரி ஆசாரி

மக்களே, நான் நாகர்கோவில் பக்கம். நாங்கள் தலைமுறையாகக் கோயில் நகை செய்கிறவர்கள். வெள்ளியில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) அழுத்துவோம். சாமிக்குச் செய்தது பிறகு பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்கு என்று ஆனது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அப்படியும் செம்பில் அச்சடித்த கெம்பு செட்டு கடைக்குக் கடை தொங்குகிறது, அதன் விலையோடுதான் நாங்களும் மல்லுக்கட்டுகிறோம். அதனால் உன் கவலை எனக்குப் புரியும்.

முதலில் வெள்ளி விலை. இனி முழு விலை சொல்லாதே. "எடைக்கு அன்றைய விலை, கூலி தனி" என்று எழுதிக் கொடு. மொத்தமாக வருகிற ஆர்டர் என்றால் வெள்ளிக்கான பணம் முழுவதையும் முன்பணமாக வாங்கு, வாங்கிய அன்றைக்கே வெள்ளியை வாங்கிப் பெட்டியில் போடு. அந்த வெள்ளி உன்னுடையது அல்ல, வாடிக்கையாளருடையது என்று நினைத்துக்கொள். என் அப்பா ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி டப்பா வைத்திருந்தார், அராவிய தூள்கூட அந்தந்த டப்பாவுக்குத்தான் போகும்.

இரண்டாவதைக் கவனமாகப் படி. கூலி கிராமுக்கு 125 என்று எழுதியிருக்கிறாய். அது கொலுசுக் கணக்கு. ஒரே வளையத்தை ஆயிரம் தடவை கோர்க்கிற வேலைக்கு எடைக்கூலி சரி. நெருஞ்சித் தோடு எத்தனை கிராம்? ஐந்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கும் கிராமுக்கு 125தானா? அப்படியானால் நீ காப்பி செய்வதற்குக் காரணம் வாடிக்கையாளர் இல்லை, உன் கூலிக் கணக்கு. எடைக்குக் கூலி வாங்குகிறவன் கை தன்னாலேயே கனமான நகையைத் தேடிப் போகும். நுணுக்கமான வேலைக்கு நாள் கூலி போட வேண்டும். எங்கள் பட்டறையில் கல் பதிக்கிறவருக்கு யாரும் எடை போட்டுக் கூலி கொடுப்பதில்லை.

முள் கழன்று விழுவதைப் பற்றி: எல்லா முள்ளுக்கும் ஒரே பொடியா வைக்கிறாய்? முதல் பற்றுக்கு வெள்ளி அதிகமாகச் சேர்த்த பொடி வை, அது உருக அதிகச் சூடு கேட்கும். அடுத்ததற்கு அதைவிட இளகின பொடி. முடிந்த பற்றின் மேல் செம்மண்ணைக் குழைத்து அப்பு. முள்ளில் ஊதாதே, நடுக்காயைச் சுற்றி ஊது. எல்லாம் ஒன்றாகச் சிவந்தால் பொடி தானாக ஓடும்.

---

சுடுமண் வீடு (மதுரை)

அக்கா, நான் டெரகோட்டா நகை செய்கிறேன், ஆறு வருடமாக. ஆசாரி ஐயா எழுதியதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் எங்கள் பொருளில் எடைக்கு விலையே கிடையாது. ஒரு செட்டுக்குப் போகிற களிமண் சில ரூபாய். அதை 900 ரூபாய்க்கு விற்கிறேன். இதுவரை ஒருவர்கூட "எத்தனை கிராம்?" என்று கேட்டதில்லை. வெள்ளி என்றாலே நாம் தராசை எடுத்து நடுவில் வைத்துவிடுகிறோம். வாங்குகிறவரும் அதைத்தான் பார்க்கிறார். நெருஞ்சித் தோட்டின் படத்துக்குக் கீழே கிராமைப் போட்டு, அதற்கு மேலே முள் எப்படி வைக்கிறீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். அந்த நெருஞ்சிக்காயையே பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இங்கே நீங்கள் எழுதிய அந்தப் பத்தி எனக்கே வாங்க வேண்டும் போல இருந்தது.

காப்பி விஷயத்தில் நான் செய்வது: படம் அனுப்பினால் மறுப்பதில்லை, ஆனால் "இதில் உங்களுக்கு எது பிடித்தது?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் நிறமாகவோ அளவாகவோ இருக்கும். அந்த நிறத்தில், அந்த அளவில் என் வடிவங்களில் இரண்டைக் காட்டுவேன். பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள். இன்னொரு சுயாதீனக் கலைஞரின் வடிவம் என்று தெரிந்தால் செய்யமாட்டேன், அவருடைய பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிடுவேன். என் மாங்காய்க் கழுத்தணியை ஒருவர் அப்படியே அச்செடுத்து விற்றபோது மூன்று நாள் மண்ணைத் தொடவே மனம் வரவில்லை. அதை இன்னொருவருக்குச் செய்ய எனக்குக் கை வராது.

ஒரு தகவலும். உங்களுக்கு 35 தாண்டிவிட்டது என்பதால் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 25 வகைக் கைத்தொழில்களுக்குக் கடன், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய் வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். எனக்கு வயது 29, இன்னும் காத்திருக்க வேண்டும்.

---

கடற்கரைச் சாலை (சென்னை)

நான் நகை செய்பவன் அல்ல, ஓவியம். ஆனாலும் உங்கள் கேள்வி எங்கள் ஊரில் அறுபது வருடத்துக்கு முன்பே கேட்கப்பட்டது.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இதே இடத்தில்தான் நின்றார்கள். அன்றைக்கு நவீன ஓவியத்தை வாங்க இங்கே ஆளில்லை. படிப்பு முடித்ததும் ஆளாளுக்கு ஏதாவது அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கைவினைஞர்களாக ஒரு சங்கம் அமைத்து, பாத்திக் துணி (மெழுகு தடவிச் சாயம் போடுவது) செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-ல் அது சோழமண்டலம் கலைஞர் கிராமமாக ஆனது. இன்றும் இருக்கிறது, ஒரு நாள் வந்து பாருங்கள். பணிக்கரின் மகன் நந்தகோபால் அங்கிருந்து செய்த உலோகச் சிற்பங்களைப் பார்க்கும்போது, செம்புத் தகட்டையும் பற்றவைப்பையும் தெரிந்த உங்களுக்கு எங்களைவிட அதிகம் புரியும்.

அவர்கள் விற்பனைக்கான கைவேலையையும் தங்கள் ஓவியத்தையும் சண்டைக்கு விடவில்லை. துணி வேலைக்கு ஒரு பொழுது, ஓவியத்துக்கு ஒரு பொழுது. நானும் அப்படித்தான் வாழ்கிறேன்: மதியத்துக்கு மேல் ஒரு பள்ளியில் வகுப்பு, காலை ஆறிலிருந்து பதினொன்று வரை என் கித்தான். அந்த ஐந்து மணி நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஞாயிறு உறவினருக்கும் துணி துவைப்பதற்கும் போய்விடும். நான் நான்கு வருடம் அப்படித் தொலைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு காலைப்பொழுதை, ஆர்டருக்குத் தேதி சொல்வதற்கு முன்பே, எடுத்து வைத்துவிடுங்கள்.

---

நெருஞ்சி (சேலம்)

மூன்று பேருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கணக்கு எழுதிப் பிழைத்தவள் நான், இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நேற்று பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஜிமிக்கி 12 கிராம், ஏழு மணி நேரம், கூலி 1,500. நெருஞ்சித் தோடு நாலரைக் கிராம், பதினான்கு மணி நேரம், கூலி 562 ரூபாய். அதாவது மணிக்கு 40. நானே என் தோட்டுக்கு இந்த விலையை வைத்துவிட்டு, "யாரும் கேட்பதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கு "இப்போது நேரமில்லை" என்று நான்தான் பதில் அனுப்பியிருக்கிறேன், அந்தச் செய்திகள் இன்னும் போனில் இருக்கின்றன. கிராமுக்கு இவ்வளவு என்று அத்தையின் திண்ணையில் பதிந்த கணக்கு இத்தனை வருடம் கூடவே வந்திருக்கிறது.

நாளுக்கு 1,400 என்று வைத்தேன். இரண்டு நாள் 2,800. வெள்ளி, சேதாரம் சேர்த்து 800. கேஸ், பெட்டி, கூரியர் 250. ஆக 3,850. எழுதிப் பார்த்தபோது கை கூசியது. ஆனாலும் அந்த மூன்று பேருக்கும் இந்த விலையைச் சொல்லி, சுடுமண் வீடு சொன்னபடி காயையும் வைத்துப் படம் அனுப்பினேன். ஒருவர் வேண்டாம் என்றார். ஒருவர் இன்னும் பார்க்கவில்லை. ஒருவர் வெள்ளிப் பணத்தை உடனே அனுப்பிவிட்டார். அவருக்கான வெள்ளியை இன்று காலை செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி டப்பாவில் போட்டு, மேலே அவர் பெயரை ஒட்டிவிட்டேன்.

அலுவலகத்துக்கு மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் மட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கும் அப்போதுதான் ஆள் தேவை. செவ்வாயும் வியாழனும் காலை நெருஞ்சிக்கு. ஜிமிக்கி ஆர்டர் மற்ற நாட்களில், பொங்கல் வரை ஒப்புக்கொண்டதை முடித்துவிடுவேன். தொழில் மையத்துக்கு திங்கட்கிழமை போகிறேன்.

ஐயா, இரண்டு பொடி செய்து பார்த்தேன். செம்மண் அப்பி ஊதியதில் ஐந்து சுளையிலும் பத்து முள்ளும் நின்றுவிட்டது, ஒன்றுகூட விழவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

---

வடசேரி ஆசாரி

படம் பார்த்தேன். பற்று சுத்தமாக இருக்கிறது. இடது பக்கம் கீழே உள்ள முள்ளில் மட்டும் பொடி கொஞ்சம் அதிகம், அதை அராவி எடு. முள்ளின் நுனியை ஒரு மயிரளவு மழுக்கிவிடு, இல்லையென்றால் தலைமுடியிலும் துப்பட்டாவிலும் மாட்டி இழுக்கும். காதின் பின்பக்கம் போடுகிற சுரையைக் கடையில் வாங்கியதா, நீயே செய்ததா? மரை இரண்டு சுற்று குறைவாகத் தெரிகிறது.