ஜப்பானில் டோக்கியோவை ஒட்டிய சைத்தாமா பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போன அனுபவங்கள்

வயிற்று வலி விடுவதாக இல்லை. டோக்கியோவுக்குப் போனால் ஆங்கிலம் பேசும் டாக்டர் கிடைப்பார், ஆனால் அந்த வலியோடு ரயிலில் யார் நின்றுகொண்டு போவது? பக்கத்திலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா தடுத்தார். முதலில் தெருமுனை கிளினிக்கில் காட்டி 'ஷோகாய்ஜோ' வாங்கிக்கொண்டு போ என்றார். பரிந்துரைக் கடிதம்தான். 200 படுக்கைக்கு மேல் உள்ள முக்கிய ஆஸ்பத்திரிகளில் கடிதம் இல்லாமல் முதல் தடவை போனால், வழக்கமான கட்டணம் போகக் குறைந்தது 7,000 யென் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2022 அக்டோபருக்கு முன்பு அது 5,000.

கடிதத்தோடு காலையிலேயே போய்விட்டேன். பல இடங்களில் வெளிநோயாளிப் பதிவு மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள்: எங்கே வலி, எப்போதிருந்து, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், அலர்ஜி உண்டா. போனை மேலே பிடித்து மொழிபெயர்த்து நிரப்பினேன். அப்புறம் காத்திருப்பு. "மூன்று மணி நேரம் காத்திருப்பு, மூன்று நிமிடம் வைத்தியம்" என்று ஜப்பானியர்களே அலுத்துக்கொள்வார்கள். கூப்பிட்டபோது என் பெயர் வரவில்லை, அப்பா பெயர் வந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர்தானே இருக்கிறார்! நம் ஆட்கள் அப்பா பெயருக்கும் காதைத் தீட்டி வைத்திருங்கள்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அன்றைக்கே முடிந்து, முடிவைத் திரையில் காட்டி விளக்கினார். இரைப்பை அழற்சி. காப்பீடு இருப்பதால் செலவில் 30 சதவீதம்தான் நம் பங்கு, பணம் கட்டுவது மெஷினில். மருந்துக்கு வெளியே ஒரு மருந்துக்கடை. அங்கே மறுபடி அதே கேள்விகள், மறுபடி ஒரு படிவம். மருந்துச் சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாள்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள்.

*

அண்ணா, நாங்களும் சைத்தாமாதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. 119 அடித்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அந்த அளவுக்கா என்று தெரியவில்லை. #8000 என்று குழந்தைகளுக்கான ஆலோசனை எண் இருக்கிறது, அதில் என் கணவர் தட்டுத்தடுமாறி ஜப்பானியத்தில் பேசினார். நர்ஸ் பொறுமையாகக் கேட்டு, தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா என்று விசாரித்துவிட்டு, காலை வரை பார்க்கலாம் என்றார். மறுநாள் கிளினிக்கில் நாங்கள் கட்டியது ஒன்றுமில்லை, குழந்தைகளின் செலவை எங்கள் ஊர் நகராட்சி ஏற்கிறது. இது ஊருக்கு ஊர் மாறும், உங்கள் நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

ஆபரேஷன் என்று வந்தால் 30 சதவீதமே பெரிய தொகைதான். ஆனால் மாதச் செலவுக்கு வருமானத்தைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு உண்டு. மை நம்பர் கார்டை, அதாவது ஜப்பான் அரசு தரும் அடையாள அட்டையை, காப்பீட்டு அட்டையாகப் பதிவு செய்திருந்தால், கவுண்டரில் உள்ள கருவியில் சம்மதம் கொடுத்தால் போதும், வரம்பு வரைதான் கேட்பார்கள். போன வருஷம் என் மனைவிக்குப் பித்தப்பை எடுத்தபோது அப்படித்தான் சமாளித்தோம். தனி அறைக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் இந்த வரம்பில் சேராது.