கருவி வழியாகப் பேசும் துணையோடு உரையாடுவது: உங்கள் அனுபவம்?

என் மனைவிக்கு ஏ.எல்.எஸ். நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும். பேச்சு போன பிறகு, கண்ணால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் அதைக் குரலாக்கும் கருவியில்தான் பேசுகிறாள். வாயால் பேசுகிறவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் பேசுவார்கள். இந்த மாதிரிக் கருவிகளில் 15-ஐ எட்டுவதே பெரிது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் திரை எனக்குத் தெரியும். பாதி எழுதும்போதே புரிந்துவிடும். தண்ணீர், மருந்து போன்றவற்றுக்கு அதுதான் அவளுக்கும் வசதி, கண் களைப்பு மிச்சம். மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் மட்டும் எதிரே உட்காரச் சொல்வாள். அங்கிருந்து திரை தெரியாது, முகம் தெரியும். வாக்கியம் முழுதாக, அவள் தேடி எடுத்த சொல்லிலேயே வரும். "நீங்க ஊகிச்சது சரிதான், ஆனா நான் இன்னும் சொல்லலையே" என்று ஒருமுறை சொன்னாள். அந்த ஆசையை மதிக்காமல் எப்படி இருப்பது?

கோபமும் கொஞ்சலும் கருவிக்கு ஒரே தொனிதான். "அப்படியா" என்று அது சொன்னால், கேள்வியா கிண்டலா என்று அவள் புருவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

நாலு பேர் கூடினால்தான் கஷ்டம். அவள் எழுதி முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். அதற்காக, "இருங்க, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஒரே தேர்வில் ஒலிக்கும்படி சேமித்து வைத்திருக்கிறோம். எல்லோரும் நிறுத்துவார்கள், சரி. அப்புறம் மௌனம் நீண்டதும் என்னிடம் திரும்பி, "அவங்க என்ன சொல்ல வராங்க?" என்பார்கள். "அவளே சொல்வாள்" என்பதுதான் என் பதில்.

*

நான் கருவியில் பேசுபவன். எனக்குப் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி). திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும்போது ஒற்றை ஸ்விட்சை அழுத்தி எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுக்கிறேன், அதனால் என் துணைவி ஊகிப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அது கேள்வியாக வர வேண்டும், நான் 'இல்லை' என்று தலையாட்ட இடம் வேண்டும். அவள் அப்படித்தான் கேட்கிறாள்.

கருவியின் குரலை மாற்றச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-ல் பேச்சை இழந்து, கருவியில் பேசியவர். பின்னாளில் மேம்பட்ட கருவிக் குரல்கள் வந்தும் பழையதையே வைத்துக்கொண்டார். எனக்கும் அதே பிடிவாதம்தான், இது என் குரல்.

முதலில் எழுதியவருக்கு ஒன்று: எதிரே இருப்பவருக்கு எழுத்தைக் காட்டும் சிறு திரை, சில கருவிகளின் பின்புறம் உண்டு. வீட்டில் நான் அதை அணைத்து வைத்திருப்பேன். புதியவர்களிடம் பேசும்போது மட்டும் போடுவேன். எழுத்து நகர்வதைப் பார்த்தால் குறுக்கே பேசாமல் காத்திருக்கிறார்கள்.