புதுப்பிப்பு: மகளின் முதுகு வளைவும் எலும்பு பலமும்

மகளின் முதுகெலும்பு வளைவுக்கு பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் கெட்டியான கவசம்) தேவையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

ராயபுரத்தில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். காப் கோணம், அதாவது எக்ஸ்ரேயில் அளக்கும் வளைவின் அளவு, 28 டிகிரி. அதைவிட அவர் உற்றுப் பார்த்தது எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத்தான். அங்கே எலும்பு முற்றியிருப்பதை ரிசர் அளவில் 0 முதல் 5 வரை குறிக்கிறார்கள். இவளுக்கு 1. அதாவது வளர்ச்சி இன்னும் பாக்கி. வேகமாக வளரும்போதுதான் வளைவும் கூடும். அதனால் பிரேஸ் போட்டாச்சு. அது வளைவை நிமிர்த்த அல்ல, மேலும் கூடாமல் தடுக்க. கூடுதல் மணி நேரம் போட்டால் கூடுதல் பலன். நம்ம ஊர் புழுக்கத்தில் பிள்ளைக்கு அது லேசான காரியமில்லை, உள்ளே பருத்தி பனியன் கட்டாயம்.

இந்த வளைவுள்ள பிள்ளைகள் பலருக்கு எலும்பு அடர்த்தியும் குறைவாக இருக்குமாம். இவளுக்கு வைட்டமின் டி குறைவு, மருந்து தந்திருக்கிறார். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கூழும் நெத்திலியும் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஓட்டம், ஸ்கிப்பிங் எதையும் நிறுத்தவில்லை. எலும்பு சேரும் வயதில் அதை நிறுத்துவதுதான் கெடுதல்.

பள்ளிப் பைதான் காரணமா என்று கேட்டவருக்கு: இல்லை. அப்புறம், அடுத்த எக்ஸ்ரே ஆறு மாதத்தில்.