பெயின்ட் வேலையில் ஒப்பந்தம், விபத்து, காப்புறுதி: உங்கள் அனுபவம் என்ன?

கொட்டாஞ்சேனை பெயின்டர்:
கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்க அடுக்குமாடி, வெளிச்சுவர் வேலை. கொன்ட்ராக்ட் எடுத்தது நான், நாட்கூலிக்கு நான்கு பையன்கள். ஏறி நின்று அடிக்கும் பலஞ்சி (சாரம்) கட்டியது வேறொருவர். இரண்டாம் நாள் காலை பலகை புரண்டு ஒரு தம்பி விழுந்துவிட்டான். இடுப்பெலும்பு முறிவு.

1990 அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு நிற்கிறோம். வீட்டுக்காரர் இறங்கி வந்து, "இவன் யாருடைய ஆள்?" என்றார். பலஞ்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையில் கொட்டிக் கிடந்த பெயின்டைப் பார்த்தேன். தம்பி ரோலர் கம்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே கிடந்தான். "என் ஆள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அரை நிமிடம்தான் இன்னும் தூங்க விடாமல் செய்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தேன். இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அவனிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களக் கட்டடத்திலிருந்து, அவனுக்கு நட்டஈடு கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. நாட்கூலிக்காரனுக்கு நட்டஈடு கிடையாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

மட்டக்குளி பாஸ்:
எனக்கு விபத்து இல்லை, காசு. தெஹிவளையில் ஒரு வீடு, எல்லாம் வாய்ப்பேச்சு. பாதி வேலையில், "வாசல் கேட்டுக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள், கணக்கைப் பிறகு பார்ப்போம்" என்றார்கள். அடித்தேன். 85,000 ரூபாய் பாக்கி. தீபாவளி, பொங்கல், புதுவருடம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

கடைசியில் அளுத்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். வேலை முடிந்த தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினார். பதினான்கு மாதம். செய்த வேலைக்கான கூலிக்கு ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாம், 1871ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் ஆறு வருடம் என்றார். எண்ணி முடித்த விரலை அவர் மடக்காமல் வைத்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பம்பலப்பிட்டி வீட்டுக்காரி:
மட்டக்குளி அண்ணா, உங்கள் காசு போனது பாவம்தான். ஆனால் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பது வேலை எடுக்கும் பாஸ்மார்தான். எங்கள் வீட்டிலும் கேட்டேன். "என்னில் நம்பிக்கை இல்லையா அக்கா?" என்றார். விட்டுவிட்டேன். ஐப்பசி மழைக்குள் அவசரமாக அடித்தார், ஐந்து மாதத்தில் சுவரெல்லாம் கொப்புளம். பெயின்ட் கொம்பனி கேரண்டி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். கொம்பனியிலிருந்து வந்த பையன் ஒரு சின்ன மீட்டரின் இரண்டு ஊசியைச் சுவரில் அழுத்தினான், அது கத்தத் தொடங்கியது. ஈரச்சுவரில் அடித்திருக்கிறார்கள், கேரண்டி பெயின்டுக்குத்தான், அடித்த கைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மட்டக்குளி பாஸ்:
ஐப்பசியில் வேலையைத் தொடங்கச் சொன்னது யார் அக்கா? சுவர் காயும்வரை பொறுப்போம் என்று நாங்கள் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுகிறீர்கள்.

காப்புறுதித் தம்பி:
நான் பார்த்தது ஒரே ஒரு சம்பவம். ஸ்ப்ரே காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் கார் முழுக்கப் புள்ளி. கொன்ட்ராக்டரிடம் மூன்றாம் ஆள் காப்புறுதி, அதாவது வெளியாருக்கு வரும் சேதத்துக்கானது, இருந்ததால் தப்பினார்.

ஆனால் கொட்டாஞ்சேனை அண்ணனுக்குத்தான் சொல்ல வேண்டியது அதிகம். அந்தக் காப்புறுதி உங்கள் சொந்த ஆளுக்கு உதவாது, வேலையாட்களுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. உங்கள் தொழிலுக்காக வைத்த ஆள் நாட்கூலி என்றாலும் அதற்குள் வருவான். 2022 திருத்தத்தில் நட்டஈட்டின் உச்சத்தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக்கினார்கள், வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோகும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வாங்கிய தாள் செல்லவே செல்லாது. அப்புறம், ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். உங்கள் பங்கு நூற்றுக்கு 12, அவன் சம்பளத்தில் 8. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னும் 3 கட்ட வேண்டும், அதை அவன் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. சம்பளப் புத்தகம் ஒன்று வைத்திருங்கள். அது இல்லாமல்தான் பலர் மாட்டுகிறார்கள்.

கொட்டாஞ்சேனை பெயின்டர்:
தாள் செல்லாது என்று நாரஹேன்பிட்டியிலும் சொன்னார்கள் தம்பி. தவணை கேட்டு வாங்கிக் கட்டுகிறேன், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பையன் நடக்கிறான், ஏணி ஏற முடியாது. பலஞ்சி கட்டியவரிடம் பாதியையாவது கேட்க வழி உண்டா? அவரோடும் எனக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.