குழந்தைக்கு மைக்ரேன்: அமினோ அமிலப் பரிசோதனை வரை போனவர்கள் இருக்கிறீர்களா?

மலைக்கோட்டை அம்மா:

என் பையனுக்கு 9 வயது. இரண்டாம் வகுப்பிலிருந்தே தலைவலி. பெரியவர்களுக்கு வருவதுபோல ஒரு பக்கம் மட்டும் இல்லை, நெற்றி முழுக்க வலிக்கும். முகம் வெளுத்துப்போகும், மிக்ஸி சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான். ஒரு வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினால் போதும், எழுந்ததும் "தோசை இருக்கா?" என்பான். குழந்தை நரம்பியல் மருத்துவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கவிட்டார், மைக்ரேன்தான் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்தில் அடங்கிவிடும் வலியும் இதில் சேர்த்திதானாம்.

இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். "டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் குறைவதால்தான் மைக்ரேன்" என்று போட்டு, புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்கள் எல்லாவற்றையும் அளக்கும் ரத்தப் பரிசோதனை, கூடவே ஒரு பவுடர் டப்பா. விலையைப் பார்த்ததும் எனக்கே தலைவலி வந்துவிட்டது. மருத்துவரிடம் காட்டினேன். "இவனுக்கு வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லுங்கள், பருப்பு, முட்டை, கறி கொடுத்தால் ஒதுக்குவானா? அதைச் சாப்பிட்ட நாளில் வாந்தியோடு பேச்சும் குழறுமா?" என்று கேட்டார். இவனோ சிக்கனுக்குத் தட்டோடு உட்காருகிற ஆள். "அப்படியானால் விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்பதுதான் மண்டையைக் குடைகிறது. அந்த வழியில் போனவர்கள் யாராவது எழுதுங்களேன்.

நொய்யல்கரை:

அக்கா, உங்கள் மருத்துவர் கேட்ட கேள்வியை என் மகள் விஷயத்தில் முதலிலேயே யாராவது கேட்டிருக்கலாம்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பருப்புச் சாதம் ஊட்டினால் துப்புவாள். கொஞ்சம் வளர்ந்ததும் அவித்த முட்டையில் மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒளித்துவைத்து, வெள்ளையைத் தம்பி தட்டுக்குத் தள்ளிவிடுவாள். ரசம் சாதமும் உருளைக்கிழங்கும் என்றால் தகராறே இல்லை. பாட்டி "ஐயர் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று கேலி செய்வார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தலைவலியும் வாந்தியும் அடிக்கடி வந்தன. மைக்ரேன் என்றார்கள். என் மனைவிக்கும் மைக்ரேன் உண்டு என்பதால் நாங்களும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட வைத்த மறுநாள் வரும், காய்ச்சலில் பட்டினி கிடந்தால் வரும். வரும்போது வெறும் வலியாக இருக்காது. சித்தியைப் பார்த்து "நீ யாரு" என்பாள், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் திணறுவாள்.

அப்புறம் தலைவலி வராமல் தடுக்க வால்ப்ரோயேட் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரேனுக்குப் பலருக்கும் கொடுக்கிற மருந்துதான். இவளுக்கோ தூக்கம் தூக்கமாக வந்து, ஒரு காலையில் தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இரவுப் பணியில் இருந்த சின்ன வயது டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "அம்மோனியா பார்த்திருக்கிறீர்களா?"

அந்த ரத்தம் எடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கையை இறுக்கிக் கட்டாமல் எடுத்து, குழாயை உடனே ஐஸ் டப்பாவில் செருகி, ஆள் கையில் கொடுத்து லேபுக்கு ஓட்டமாக அனுப்பினார்கள். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா கூடி, அளவு பொய்யாக ஏறிவிடுமாம். 50-ஐ ஒட்டி இருக்க வேண்டியது இவளுக்கு 180-க்கு மேல்.

சிறுநீரில் ஓரோட்டிக் அமிலம் அதிகம், ரத்தத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் அதிகம், சிட்ருலின் என்ற இன்னொன்று குறைவு. மரபணுப் பரிசோதனையில் ஓடிசி (ஆர்னிதின் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்ற நொதி) குறைபாடு என்று உறுதியானது. நாம் சாப்பிடும் புரதத்தை உடல் உடைக்கும்போது அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளுவது கல்லீரலின் வேலை. அந்த வேலை வரிசையில் இந்த நொதி இவளுக்குக் குறைவு. தேங்கும் அம்மோனியாவை மூளையின் துணைச் செல்கள் குளூட்டமினாக மாற்றி வைத்துக்கொள்ளும், அதனால் வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் அதன் வேலை. வால்ப்ரோயேட்டோ அந்த யூரியா வரிசையையே இன்னும் மந்தமாக்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு முழுதாகக் குறைந்தால் பிறந்த சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் கொஞ்சம் சமாளிக்கும், அதனால் மைக்ரேன் போலவே வருடக்கணக்கில் வேஷம் போடும். மனைவியின் தம்பி ஒருவர் பிறந்த வாரமே இறந்தவர். அதைப் பற்றி அந்த வீட்டில் யாருமே பேசியதில்லை, டாக்டர் குடும்ப மரம் வரைந்தபோதுதான் மாமியார் வாய் திறந்தார்.

ரெஜிஸ்டர் நோட்டு:

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள், மருத்துவர் இல்லை. நொய்யல்கரை அண்ணன் சொன்னது அரிதான நோய். பெரும்பாலான பிள்ளைகளின் மைக்ரேனில் அமினோ அமிலங்கள் வேறு மாதிரி நுழைகின்றன.

டிரிப்டோஃபேனிலிருந்துதான் நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் செரட்டோனின் உருவாகிறது, இது உண்மை. 1961-இல் இத்தாலியில் சிக்குதேரி குழுவினர் மைக்ரேன் வந்த நேரத்துச் சிறுநீரில் செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் கூடியிருந்ததைக் கண்டார்கள். மைக்ரேன் வந்ததும் போடும் டிரிப்டான் மாத்திரைகள் செரட்டோனின் ஏற்பிகளில் வேலை செய்பவை. டிரிப்டோஃபேனைத் தற்காலிகமாகக் குறைக்கும் பானத்தை மைக்ரேன்காரர்களுக்குக் கொடுத்த ஆய்வில் அவர்களுக்குக் குமட்டலும் தலைவலியும் கூடின.

சரி, அப்படியானால் டிரிப்டோஃபேன் பவுடர் சாப்பிடலாமே என்றால், அங்கேதான் விளம்பரக்காரர் கதை விடுகிறார். உடலில் டிரிப்டோஃபேனில் பெரும்பகுதி கைனுரெனின் என்ற வேறு பாதையில் போய்விடுகிறது. மீதியும் லூசின், ஐசோலூசின், வேலின் ஆகியவற்றோடு போட்டி போட்டுத்தான் மூளைக்குள் நுழைய வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் உள்ள அளவை வைத்து மூளையில் செரட்டோனின் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

இன்னொன்று குளூட்டமேட், இதுவும் ஒரு அமினோ அமிலம்தான். 1944-இல் லியாவோ என்ற ஆய்வாளர் முயலின் மூளையில் மின் செயல்பாட்டை அடக்கிக்கொண்டே போகும் ஒரு அலை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதைப் பதிவு செய்தார். தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரிகிறதே, அதன் பின்னணி இந்த அலைதான், அதைப் பரப்புவதில் குளூட்டமேட்டுக்குப் பங்கு உண்டு. உடனே குளூட்டமேட் உப்பான அஜினோமோட்டோ மேல் பழி போட வேண்டாம். சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும்.

தறிப்பட்டறை:

எனக்கு இப்போது 21 வயது. சின்ன வயதில் தலை வலிக்காது, தொப்புளைச் சுற்றி வயிறுதான் வலிக்கும். பூச்சி மருந்து, குடல்வால் ஸ்கேன், குலதெய்வம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதுவும் மைக்ரேன் வகைதான் என்று பத்தாம் வகுப்பில் தலைக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது.

சைப்ரோஹெப்டடின் கொடுத்தார்கள், அதுவும் செரட்டோனினை மறிக்கும் மருந்தாம். பசி என்றால் பசி, அப்படி ஒரு பசி. அம்மா தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தார்: சாக்லேட், கருவாடு, கனிந்த வாழைப்பழம் கூடாது. டைரோசின் என்ற அமினோ அமிலம் பதப்படுத்திய உணவுகளில் டைரமினாக மாறி மைக்ரேனைத் தூண்டும் என்று 1967-இல் லண்டனில் ஹானிங்டன் என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து கிளம்பிய பட்டியல் அது. பிறகு நடந்த ஆய்வுகளில் முடிவு ஒன்றுக்கொன்று முரணாகத்தான் வந்திருக்கிறது. எனக்குக் கருவாட்டால் ஒருநாளும் வந்ததில்லை. காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்தால் தவறாமல் வரும்.

மலைக்கோட்டை அம்மா:

இவனும் அப்படித்தான் தம்பி, டிபன் தவறினால் பிரேயரிலேயே வந்துவிடும். 2017-இல் அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வை எங்கள் மருத்துவர் சொன்னார்: மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 61 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தனவாம், இரண்டு தடுப்பு மருந்துகளும் அதைத் தாண்டவில்லை. அதனால் முதலில் தூக்கம், சாப்பாடு, தண்ணீர் என்று நேரம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பவுடர் வாங்கவில்லை.

நொய்யல்கரை, பாப்பா இப்போது எப்படி?

நொய்யல்கரை:

நன்றாக இருக்கிறாள் அக்கா. ஒரு நாளைக்கு இத்தனை கிராம் புரதம் என்று உணவியல் நிபுணர் அளந்து கொடுத்திருக்கிறார், முட்டை ஒன்றுக்கு 6 கிராம் என்பதை இப்போது அவளே ஒப்பிப்பாள். அம்மோனியா ஏறாமல் இருக்க சிட்ருலினும் சோடியம் பென்சோவேட்டும் தினமும் உண்டு. காய்ச்சல் வந்து சாப்பிடவில்லை என்றால் உடல் தன் தசையையே உடைத்து அம்மோனியாவைக் கூட்டும், அதனால் உடனே குளுக்கோஸ் கரைசல், அதுவும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. வால்ப்ரோயேட் கொடுக்கக் கூடாது, வாந்தியும் குழப்பமும் இருந்தால் முதலில் அம்மோனியா பாருங்கள் என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை லேமினேட் செய்து பள்ளிப் பையில் வைத்திருக்கிறோம். மனைவிக்கும் பரிசோதித்தோம், அதே மாற்றம் இருக்கிறது. அவளுடைய பழைய "மைக்ரேனை" இப்போது மருத்துவர் மறுபடி முதலிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்.